ஒரே குடும்பம், பல காலனிகள்: அகேடியர்களைக் கலைத்துப் போட்ட கதை

"18-ஆம் நூற்றாண்டில் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து அகேடியர்கள் என்ற மக்களை ஆங்கிலேயர் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள் என்று படித்தேன். ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அப்போது என்னதான் நடந்தது? குடும்பங்கள் பிரிந்தது அவசரத்தில் நேர்ந்ததா, வேண்டுமென்றே செய்ததா?" இதுதான் கேள்வி. இரண்டாவது பாதிக்குச் சுருக்கமான பதில்: ஊர்களைப் பிரித்தது வேண்டுமென்றே. ஒரே வீட்டு ஆட்களைப் பிரித்தது பெரும்பாலும் அலட்சியத்தாலும் அவசரத்தாலும். ஆனால் அந்த மக்களிடம் ஊர் வேறு, குடும்பம் வேறு என்று கிடையாது. அதனால் முதலாவதைச் செய்தபோதே இரண்டாவதும் நடந்துவிட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கிழவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போவோம். ரெனே லெப்லான். கிராண்ட் ப்ரே என்ற ஊரில் நோட்டரி, அதாவது பத்திரம் எழுதிப் பதிவு செய்பவர். நிலம் கைமாறினாலும், கல்யாணத்துக்கு ஒப்பந்தம் எழுதினாலும், சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்தாலும் அவரிடம்தான் வரவேண்டும். 1744-இல் அவரை அந்த வேலையில் அமர்த்தியது ஆங்கிலேய நிர்வாகம். அவருக்குப் பிள்ளைகள் 20 பேர், பேரப்பிள்ளைகள் 150 பேர் அளவில் என்று பின்னாளில் அகேடியர்கள் இங்கிலாந்து அரசருக்கு எழுதிய மனு சொல்கிறது. லாங்ஃபெல்லோவின் 'எவாஞ்சலின்' கவிதை (1847) வழியாக இந்த வரலாற்றைக் கேள்விப்பட்டவர்கள் அதிகம். அதில் வரும் கதாநாயகி கற்பனைப் பாத்திரம். அதில் வரும் வயதான நோட்டரி மட்டும் உண்மையிலேயே வாழ்ந்த மனிதர்.

அவருடைய ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இழந்தது என்ன என்பது புரியும். இன்றைய நோவா ஸ்கோஷியாவில் ஃபண்டி விரிகுடா இருக்கிறது. உலகிலேயே மிக உயரமான ஓதம் எழும் கடல் அது. சில இடங்களில் 16 மீட்டர் வரை தண்ணீர் ஏறி இறங்கும். 1600-களில் பிரான்சிலிருந்து இங்கே வந்து குடியேறிய விவசாயிகள்தான் அகேடியர்கள். அவர்கள் காட்டை அழித்துக் கழனி செய்யவில்லை. கடலோரச் சதுப்பைத்தான் கழனியாக்கினார்கள். வேர்ப்பிடிப்புள்ள சதுப்புப் புல்லை மண்ணோடு செங்கல் மாதிரி வெட்டி எடுத்து, அடுக்கிக் கரை கட்டுவார்கள். கரைக்கு அடியில் 'அபுவாத்தோ' என்ற மதகு. குடைந்த மரத்தண்டுக்குள் ஒரு மரக் கதவு தொங்கும். ஓதம் ஏறும்போது கடல்நீரே அந்தக் கதவைத் தள்ளி மூடிவிடும். வடியும்போது உள்ளே நிற்கும் மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். ஆள் நின்று திறந்து மூட வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருஷம் மழை பெய்து உப்பு கழிந்ததும் மண் கோதுமைக்குத் தயார்.

இந்த வேலையைத் தனியாள் செய்ய முடியாது. ஓரிடத்தில் கரை உடைந்தால் எல்லோர் வயலும் உப்பாகிவிடும். நம் பக்கத்துக் குடிமராமத்து போல ஊரே சேர்ந்துதான் கரையைக் காக்க வேண்டும். அந்த ஊர் என்பது பெரும்பாலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், சம்பந்தி வீடுகள்தான். 1671 கணக்கெடுப்பில் சுமார் 400 பேராக இருந்தவர்கள், 1755-க்குள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் குறைவு, ஒருவருக்குள் ஒருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பெருகியவர்களே அதிகம். லெப்லான், லாண்ட்ரி, எபேர், மெலான்சன், புத்ரோ என்று சில குடும்பப் பெயர்களே ஊர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களோடும் பொதுவாக இணக்கமாகவே இருந்தார்கள். அவர்கள் கடலிலிருந்து மீட்ட சதுப்பு மிக்மாக் மக்களின் வேட்டைக் காட்டைத் தொடவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, இவர்கள்மேல் ஆங்கிலேயருக்கு என்ன கோபம்? 1710-இல் அகேடியாவின் (பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் அது) தலைமையிடமான போர் ராயல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கைப்படி அகேடியா பிரிட்டனுக்குச் சேர்ந்தது. குடிமக்கள் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள், ஆட்சியோ ஆங்கில புராட்டஸ்டன்ட் ஆட்சி. அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடு என்றார்கள். எடுக்கிறோம், ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகவும் மிக்மாக்குக்கு எதிராகவும் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்றார்கள் இவர்கள். 1730-இல் ஆளுநர் ரிச்சர்ட் ஃபிலிப்ஸ் அந்த வாக்குறுதியை வாய்மொழியாகக் கொடுத்துப் பிரமாணம் வாங்கினார். லண்டனுக்கு அனுப்பிய தாளில் அந்த வாக்குறுதி இல்லை. ஆட்சியிடம் ஒரு காகிதம், மக்கள் மனதில் வேறொரு ஒப்பந்தம். 25 வருஷம் எல்லோரும் இதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆங்கிலேயர்களே இவர்களை 'நடுநிலைப் பிரெஞ்சுக்காரர்கள்' என்று அழைத்தார்கள் என்றால் பாருங்கள்.

அந்த நடுநிலைக்கு லெப்லானே விலை கொடுத்தவர். 1749-இல் ஆங்கிலேயர்கள் ஹாலிஃபாக்ஸ் என்ற துறைமுக நகரை நிறுவிய பிறகு சண்டை மூண்டது. ஆங்கிலேயருக்கு வேலை செய்தார் என்பதற்காக மிக்மாக் தரப்பு அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அவர் வீடு கொள்ளை போனது, நான்கு ஆண்டு சிறையிருந்து பெரும் சிரமத்துக்குப் பிறகுதான் மீண்டார் என்று அந்த மனு சொல்கிறது. அகேடியர்கள் எல்லோரும் ஆங்கிலேயருக்கு எதிரி என்ற வாதத்தை யாராவது எடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மனிதர்தான். அவர்கள் அரசுக்கு உழைத்ததற்காக நான்கு வருஷம் அடைபட்டுக் கிடந்தவரை, அந்த அரசே இரண்டாவது முறை பிடித்து அடைத்தது.

1755 ஜூனில் போசெஜூர் கோட்டை விழுந்தது. பிரெஞ்சுக்காரர்களின் அந்தக் கோட்டைக்குள் ஆயுதத்தோடு இருநூற்றுக்கும் மேற்பட்ட அகேடியர்கள் இருந்தார்கள். மிரட்டித்தான் எங்களை உள்ளே வைத்திருந்தார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். துணை ஆளுநர் சார்லஸ் லாரன்ஸுக்குத் தேவைப்பட்ட காரணம் கிடைத்துவிட்டது. ஜூலையில் கிராமப் பிரதிநிதிகளை ஹாலிஃபாக்ஸுக்கு வரவழைத்து, நிபந்தனையே இல்லாத பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். ஊர் ஜனத்தைக் கேட்காமல் முடியாது என்றார்கள் அவர்கள். சிறை. மறுநாள் அவர்களே, சரி எடுத்துவிடுகிறோம் என்று சொன்னபோது, ஒருமுறை மறுத்தவர்களுக்கு இனி அந்த வாய்ப்பில்லை என்று சட்டம் காட்டினார்கள். பிரமாணம் வாங்குவது நோக்கமாக இருந்திருந்தால் அன்றைக்கே வாங்கியிருக்கலாம். நாடுகடத்தலை நியாயப்படுத்துபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

ஜூலை 28 அன்று ஹாலிஃபாக்ஸ் கவுன்சில் முடிவெடுத்தது. அந்தக் கூட்டத்தில் இரண்டு கடற்படை அட்மிரல்கள் இருந்தார்கள். ஒருவர் எட்வர்ட் பாஸ்கவன். 1748-இல் புதுச்சேரியை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பிப் போனாரே, அதே பாஸ்கவன். இங்கே பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயோடு மோதியவர் ஏழு வருஷம் கழித்து அங்கே மேசையில் உட்கார்ந்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் உலகம் முழுக்க நடந்த ஒரே சண்டையின் இரண்டு முனைகள் இவை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த மக்களைப் பக்கத்தில் இருந்த கியூபெக்குக்கோ பிரான்சுக்கோ அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பினால் எதிரிக்குப் படை சேர்த்துக் கொடுத்ததாகும் என்று நினைத்தார்கள். அதனால் மாசசூசெட்ஸிலிருந்து ஜார்ஜியா வரை ஆங்கிலேயக் காலனிகளுக்குள் பங்கு பிரித்து அனுப்புவது என்று முடிவு. லாரன்ஸ் மற்றக் காலனி ஆளுநர்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில் காரணத்தை மறைக்கவே இல்லை: இவர்கள் மறுபடி எளிதில் ஒன்று சேர முடியாதபடி பிரித்து வைப்பதுதான் நோக்கம். அந்தக் கடிதமும் மக்களை ஏற்றிய கப்பல்களோடுதான் போனது. முன்கூட்டி யாரையும் கேட்கவில்லை. கடிதத்தைப் பிரிக்கும்போது நூற்றுக்கணக்கான ஜனங்கள் ஏற்கெனவே துறைமுகத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

கிராண்ட் ப்ரேவில் நடந்ததை நாள்வாரியாகத் தெரிந்துகொள்ள முடிகிறது. காரணம், அதைச் செய்து முடிக்க அனுப்பப்பட்ட லெப்டினன்ட் கர்னல் ஜான் வின்ஸ்லோ நாட்குறிப்பு வைத்திருந்தார். மாசசூசெட்ஸ்காரர். 1755 செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. அறுவடை முடிந்த நேரம். பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் பிற்பகல் 3 மணிக்கு ஊர்த் தேவாலயத்துக்கு வரவேண்டும், அரசரின் ஆணையைப் படிக்கப்போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். 418 பேர் வந்தார்கள். வந்ததும் கதவுகளில் காவல் போடப்பட்டது. கோயிலின் நடுவில் மேசை போட்டு வின்ஸ்லோ படித்தார். நிலம், வீடு, ஆடுமாடு எல்லாம் அரசருக்குப் பறிமுதல். கையிலிருக்கும் பணமும் தூக்கிப் போகக்கூடிய வீட்டுச் சாமானும் மட்டும் உங்களுடையது. நீங்கள் எல்லோரும் இந்த மாகாணத்தைவிட்டு அகற்றப்படுகிறீர்கள். இந்த வேலை தன் இயல்புக்கும் மனதுக்கும் ஒவ்வாதது என்றும் அந்த உரையிலேயே சொன்னார். அதோடு ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்: முழுக் குடும்பமும் ஒரே கப்பலில் போகும்படி என்னால் முடிந்ததைச் செய்வேன்.

அன்று பிசிகிட் என்ற இன்னொரு அகேடிய ஊரில் கேப்டன் மரேயும் இதே மாதிரி 183 ஆண்களைக் கோட்டைக்குள் அடைத்தார். அதற்கு மூன்று வாரம் முன்பே, போசெஜூர் கோட்டை இருந்த சிக்னெக்டோ பகுதியில் கர்னல் மங்க்டன் சுமார் 400 பேரைப் பிடித்து வைத்திருந்தார்.

தேவாலயத்தில் அடைபட்டவர்களுக்குச் சாப்பாடு வீட்டிலிருந்துதான் வரவேண்டும். பெண்கள் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 20 ஆண்கள் மட்டும் வீட்டுக்குப் போய்வரலாம், அவர்கள் திரும்பி வருவதற்கு மற்றவர்கள் பிணை. அகேடியர்களின் ஊர் ஒற்றுமையையே அவர்களைக் கட்டிப்போடும் கயிறாக ஆக்கினார்கள். ஓடிப்போனால் உன் தம்பி அகப்படுவான், உன் மாமனார் அகப்படுவார்.

செப்டம்பர் 10 அன்று, அடைபட்டவர்களிடம் ஏதோ அசைவு தெரிகிறது என்று பயந்து, இளைஞர்களை முதலில் கப்பலுக்குக் கொண்டுபோகச் சொன்னார் வின்ஸ்லோ. 141 பேர். அப்பாக்கள் இல்லாமல் போகமாட்டோம் என்று அவர்கள் நின்றார்கள். துப்பாக்கி முனைக் கத்திகள் நீட்டப்பட்டதும் நடந்தார்கள். தேவாலயத்திலிருந்து கரை வரை ஒன்றரை மைல். ஜெபம் சொல்லிக்கொண்டும் பாடிக்கொண்டும் அழுதுகொண்டும் போனார்கள், வழி நெடுகப் பெண்களும் குழந்தைகளும் முழந்தாளிட்டுக் கதறினார்கள் என்று வின்ஸ்லோவே எழுதி வைத்திருக்கிறார். இத்தனைக்கும் அன்றைக்கு யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. கரைக்கு அருகே நங்கூரமிட்ட கப்பலில் ஒரு மாதம் அடைத்து வைத்தார்கள். வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

அக்டோபர் 7 இரவில் அப்படி அடைபட்டவர்களில் 24 இளைஞர்கள் தப்பினார்கள். இதற்குத் துணை செய்தவர் என்று ஃபிரான்சுவா எபேர் என்பவரைக் கரைக்கு இழுத்துவந்து, அவர் கண்ணெதிரேயே அவருடைய வீட்டையும் களஞ்சியத்தையும் கொளுத்தினார்கள். இரண்டு நாளில் திரும்பாவிட்டால் ஓடியவர்களின் உறவினர்கள் எல்லோருக்கும் இதே கதி என்று அறிவித்தார்கள். பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

அக்டோபர் 8 முதல் குடும்பங்களை ஏற்றினார்கள். குழந்தைகளைக் கையில் தூக்கிய பெண்கள், நடக்க முடியாத பெற்றோரை வண்டியில் வைத்து இழுத்தவர்கள், எது எங்கே போகிறது என்று தெரியாமல் குவிந்த தட்டுமுட்டுச் சாமான்கள். துயரத்தின் காட்சி என்று வின்ஸ்லோ எழுதினார். எழுதிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கப்பல் கொள்ளளவுக்கு டன்னுக்கு இரண்டு பேர் என்று கணக்கு. கப்பல்கள் போதவில்லை. அப்பா ஒரு கப்பலில் முதலிலேயே ஏறியிருப்பார், கல்யாணமான மகள் வேறு ஆற்றங்கரையிலிருந்து வேறு கப்பலில் ஏறுவாள். ஒரே கப்பலில் குடும்பம் என்று வின்ஸ்லோ சொன்னது கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் என்ற அளவிலாவது எல்லோருக்கும் நிறைவேறவில்லை. அகேடியர்கள் குடும்பம் என்று நினைத்த விரிந்த உறவுக்கோ அதில் இடமே இல்லை. அக்டோபர் 27 அன்று கப்பல் கூட்டம் கிளம்பியது. கப்பல் கிடைக்காமல் மிச்சமிருந்த சுமார் 600 பேரை டிசம்பரில் அனுப்பினார்கள். பின்னால் யாரும் திரும்பி வந்து தங்கக்கூடாது என்பதற்காக வீடு, களஞ்சியம், ஆலை, ஒரு தேவாலயம் என மொத்தம் 698 கட்டடங்களை எரித்ததாக வின்ஸ்லோவின் கணக்கு இருக்கிறது.

நோட்டரி லெப்லான் எழுபதைத் தாண்டியவர், உடம்பு தளர்ந்தவர். அவரையும் மனைவியையும் கடைசி இரண்டு பிள்ளைகளையும் மட்டும் நியூயார்க்கில் இறக்கிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் வெவ்வேறு காலனிகளில். இன்னும் மூன்று பிள்ளைகள் ஃபிலடெல்ஃபியாவில் இருப்பதாகத் தெரிந்து அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கேயே இறந்துபோனார். 'மாட்சிமை தங்கிய அரசருக்கு அவர் பல ஆண்டு உழைத்தும், அதற்காக இவ்வளவு துன்பப்பட்டும், எங்களில் யாரையும்விட அதிகமாக அவரை எவரும் கண்டுகொள்ளவில்லை' என்ற பொருளில் மனு முடிக்கிறது. 20 பிள்ளைகள் பெற்றவர் அருகில் கடைசிக் காலத்தில் இருந்திருக்கக்கூடியவர்கள் ஐந்து பேர்.

ஃபிலடெல்ஃபியாவில் அகேடியர்களுக்கு நடந்தது பற்றி ஒரு விஷயம் சொல்லத்தான் வேண்டும். 1755 நவம்பரில் மூன்று கப்பல்கள் 454 பேரோடு டெலவேர் ஆற்றுக்கு வந்தன. மேற்கு எல்லையில் பிரெஞ்சுக்காரர்களோடு போர் நடக்கிறது, இங்கே பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள் வந்து இறங்குகிறார்களே என்று ஆளுநர் மாரிஸுக்குக் கலக்கம். கப்பலிலேயே காவலோடு வைத்தார். அம்மை பரவியது. அப்போது கப்பலுக்குள் போய்ப் பார்த்தவர் ஆந்தனி பெனசெட் என்ற ஆசிரியர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவரே பிரான்சில் பிறந்தவர். மத ஒடுக்குமுறையால் கத்தோலிக்கப் பிரான்சைவிட்டு ஓடிய புராட்டஸ்டன்ட் குடும்பம். கைக்குழந்தையாக நாடுவிட்டு வந்தவர், இப்போது கத்தோலிக்க அகதிகளுக்குப் போர்வையும் துணியும் திரட்டினார், வசிக்க இடம் ஏற்பாடு செய்தார், அவர்கள் மொழியிலேயே பேசினார். பைன் தெருவில் வரிசையாக இருந்த சிறு வீடுகளில் அவர்கள் பல வருஷம் முடங்கிக் கிடந்தார்கள்.

நல்ல மனிதர்கள் இருந்தார்கள், சட்டங்களோ வேறு மாதிரி இருந்தன. பென்சில்வேனியாவில் 1756-இல் இவர்களைப் பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பச் சட்டம், 1757-இல் பிள்ளைகளை வேறு வீடுகளில் வேலைக்குக் கட்டிவைக்கச் சட்டம். மாசசூசெட்ஸிலும் இதேதான். பெற்றோர் ஏழை, பராமரிக்க முடியாது என்று சொல்லிப் பிள்ளைகளைப் பிடுங்கி ஆங்கிலேய வீடுகளில் வேலைக்கு விட்டார்கள். 1756-இல் மாசசூசெட்ஸில் இருந்த அப்பாக்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இது: பண்ணையை இழந்தோம், இங்கே கொண்டுவரப்பட்டோம், ஒருவரைவிட்டு ஒருவர் பிரிந்தோம், ஆனால் எங்கள் கண்ணெதிரே பிள்ளைகளைப் பறிப்பதோடு ஒப்பிட்டால் அவையெல்லாம் ஒன்றுமே இல்லை, தேர்ந்தெடுக்கச் சொன்னால் உடலையும் உயிரையும் கொடுத்துவிடுவோம், பிள்ளைகளைக் கொடுக்கமாட்டோம். ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டீர்களே, அதற்கு அவர்களே கொடுத்த பதில் இதுதான். நிலத்தைப் பற்றி அல்ல, பிள்ளைகளைப் பற்றித்தான் அவர்கள் மன்றாடினார்கள்.

வர்ஜீனியா இன்னும் மோசம். வந்து இறங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேண்டாம் என்று சொல்லி, 1756-இல் மறுபடி கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டது. லிவர்பூல், சவுத்தாம்ப்டன், பிரிஸ்டல், ஃபால்மத் என்று நான்கு ஊர்களில் ஏழு வருஷம் காவலில் இருந்தார்கள். அம்மையில் ஏராளமானோர் போய்விட்டார்கள். 1763-இல் போர் முடிந்ததும் மிச்சமிருந்தவர்கள், குழந்தைகளையும் சேர்த்து 900-க்கும் குறைவானவர்கள், பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் அப்பனும் பாட்டனும் பார்த்தே இராத 'தாய்நாடு' அது.

எல்லோரும் பேசாமல் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். 232 பேரை வட கரோலினாவுக்கு ஏற்றிச்சென்ற பெம்ப்ரோக் என்ற கப்பலை, சார்லஸ் பெலிவோ என்பவர் தலைமையில் பயணிகளே கைப்பற்றி, திருப்பி ஓட்டிவந்து 1756 தொடக்கத்தில் செயின்ட் ஜான் ஆற்றில் இறங்கினார்கள். ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் இறக்கப்பட்டவர்களில் சிலர் படகு கட்டிக்கொண்டு, கரையை ஒட்டியே வடக்கு நோக்கித் துடுப்புப் போட்டார்கள். அவர்களில் ஒரு கூட்டம் மாசசூசெட்ஸ் வரை வந்துவிட்டது. லாரன்ஸின் எச்சரிக்கைக் கடிதம் அங்கே அவர்களை மறித்தது. காட்டில் ஒளிந்து மிக்மாக் மக்களின் துணையோடு சண்டையிட்டவர்களும் உண்டு. 'போசொலெய்' என்று அழைக்கப்பட்ட ஜோசப் புருசார் அவர்களில் முக்கியமானவர்.

1755-இல் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், 1763 வரை மொத்தம் பத்தாயிரம் அளவில் அகற்றப்பட்டார்கள். 1758-இல் பிரெஞ்சுக்காரர்களின் லூயிபூர் கோட்டை விழுந்ததும், இன்று பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்று சொல்லும் தீவிலிருந்து சுமார் 3,000 பேரை நேரே பிரான்சுக்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் வயலட், டியூக் வில்லியம் என்ற இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்த நாட்களில் மூழ்கின. டியூக் வில்லியமில் மட்டும் ஏறக்குறைய 360 பேர். முழுக் குடும்பமும் ஒரே கப்பலில் போனவர்களுக்கு நேர்ந்தது அது.

காலியான நிலத்துக்கு நியூ இங்கிலாந்திலிருந்து குடியானவர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே, 1759 நவம்பரில் அடித்த புயலில் பராமரிப்பில்லாத கரைகள் உடைந்து வயல்கள் உப்பாகியிருந்தன. புதியவர்களுக்கு அபுவாத்தோ கட்டத் தெரியாது. அதனால் ஆங்கிலேயரின் எட்வர்ட் கோட்டையில் கைதிகளாக இருந்த அகேடியர்களைக் கூலிக்கு அழைத்துவந்து கரையைக் கட்டவைத்தார்கள். தன் தாத்தா எழுப்பிய கரையை, தன் வயலில், வேறொருவரின் பயிருக்காகக் கூலி வாங்கிக்கொண்டு கட்டுவது. இந்த வரலாற்றில் எத்தனையோ சாவுகள் இருக்கின்றன, ஆனாலும் எனக்கு மனதைவிட்டு அகலாதது இந்தக் கரை வேலைதான்.

1764-இல் திரும்பி வரலாம் என்று அனுமதி கிடைத்தது, சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து குடியேறவேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்போதும் ஒன்றுசேர விடவில்லை. வந்தவர்கள் பழைய ஊருக்குப் போக முடியாமல், மீன்பிடித்துப் பிழைக்கும் வறண்ட கரைகளில் ஒதுங்கினார்கள். வேறு பலர் லூசியானாவை நோக்கிப் போனார்கள். புருசார் சுமார் 200 பேரோடு 1765 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்தார். அந்த வருஷமே காய்ச்சல் பரவி அவரும் பலரும் இறந்தார்கள். ஆனாலும் அங்கே நிலம் கிடைக்கிறது, உறவினர்கள் கூடுகிறார்கள் என்ற செய்தி பரவியது. ஜான்-பாப்டிஸ்ட் செமெர் என்ற இளைஞர் 1766-இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து, பிரான்சில் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் இருந்த தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். 11 வருஷப் பிரிவு. ஒரு சமுத்திரம் தாண்டி ஒரு மகன், இங்கே வந்துவிடுங்கள் என்று அப்பாவை அழைக்கிறான். மேரிலாந்திலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். 1785-இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்து சேர்ந்தார்கள். கிராண்ட் ப்ரேயை விட்டபோது ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு அப்போது 35 வயது. இன்று 'கேஜன்' என்று சொல்லும் லூசியானா மக்களின் பெயரே 'அகேடியன்' என்பது திரிந்து வந்ததுதான்.

இதை இன அழிப்பு என்று சொல்லலாமா, இனவெளியேற்றம் என்று சொல்லவேண்டுமா என்ற விவாதம் வரலாற்றாசிரியர்களிடம் இருக்கிறது. கொன்றுபோடச் சொல்லி உத்தரவு இல்லை. ஒரு சமூகம் சமூகமாக நீடிக்கக்கூடாது என்ற உத்தரவு தெளிவாக இருந்தது. இனவெளியேற்றம் என்ற சொல் எனக்குச் சரியாகப் படுகிறது. அகேடியர்கள் தங்கள் வாயால் சொல்வது 'லெ கிரான் தெராஞ்மான்'. அடுக்கி வைத்த வீட்டைக் கலைத்துப் போடுவது மாதிரியான பொருள் அதற்கு, பெருங்குலைவு என்று சொல்லலாம். 2003 டிசம்பரில் கனடாவில் அரசியின் பெயரால் ஒரு பிரகடனம் வந்தது. நடந்த கொடுமையை அது ஒப்புக்கொள்கிறது, சட்டப் பொறுப்போ பணப் பொறுப்போ ஏற்கவில்லை. கவுன்சில் முடிவெடுத்த ஜூலை 28-ஐ நினைவுநாளாக அறிவித்தது.

கடைசியாகக் குடும்பம் பற்றிய ஒன்று. 1765-இல் பிரான்சின் பெல்-இல் தீவில் 78 அகேடியக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தார்கள். அவர்கள் யார், யாருக்குப் பிறந்தவர்கள் என்று காட்ட ஞானஸ்நானப் பதிவேடோ கல்யாணப் பதிவேடோ கையில் இல்லை. 1767-இல் ஒவ்வொரு குடும்பத் தலைவரையும் பாதிரியார் முன் வரவழைத்து, சாட்சிகளை வைத்து, சத்தியம் செய்துகொண்டு வம்சாவளியைச் சொல்லவைத்து எழுதினார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா பாட்டி, முதலில் அகேடியாவுக்கு வந்த முன்னோர் வரை. கூடப்பிறந்தவர்கள் யார் யார், இப்போது யார் எங்கே இருக்கிறார்கள், யார் எந்தக் கப்பலில் போனார்கள். பல வருஷம் துறைமுகம் துறைமுகமாக அலைந்தவர்கள் நினைவிலிருந்து ஒப்பித்தார்கள். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன.

கிராண்ட் ப்ரே தேவாலயத்தின் பதிவேடுகளில் ஒரு பகுதியும் தப்பியது. ஊரிலிருந்து கிளம்பியவர்கள் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்த அந்த நெருக்கடியில், யாரோ அதைச் சுமந்து வந்திருக்கிறார்கள். அது மேரிலாந்து போய், அங்கிருந்து அகேடியர்களோடு லூசியானாவின் செயின்ட் கேப்ரியல் ஊருக்கு வந்து, இப்போது பேட்டன் ரூஜ் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கிராண்ட் ப்ரேவில் பிறந்த ஒரு லெப்லானின் ஞானஸ்நானக் குறிப்பைத் தேடுபவர் இன்றும் லூசியானாவில்தான் போய்க் கேட்கவேண்டும்.